ஆகாய மார்க்கத்தில் இலண்டனும் சிட்னியும்

உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் நுனியை இலண்டன் மீது பிடித்துக்கொண்டு, மறு நுனியைச் சிட்னி வரை இழுத்து இறுக்கிப் பாருங்கள். இறுகிய நூல் எவ்வழியே செல்கின்றதோ அதுவே அவ்விரு நகரங்களுக்குமிடையே உள்ள மிகக் குறுகிய பாதை. தட்டையான தேசப்படத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்பாதை வியப்பளிக்கும். மத்தியதரைக் கடலையும் இந்து சமுத்திரத்தையும் நோக்கித் தெற்கே இறங்காமல், நூலானது பால்டிக் கடலின் பக்கமாக வடகிழக்கே சென்று, ருஷ்யாவையும் சீனாவையும் கடந்து, அதன் பின்னரே கீழ்நோக்கி அவுஸ்திரேலியாவை அடையும். அதன் நீளம் ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். பூமியைச் சுற்றி வர 40,000 கிலோமீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்கு இதனினும் அதிக தூரம் போவதற்கு இவ்வுலகில் அவ்வளவாக இடமில்லை என்பது விளங்கும்.

இந்தப் பதினேழாயிரம் கிலோமீற்றரில் ஒரு முழம்கூட இன்றுவரை குறையவில்லை. ஆயினும், ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்த ஆகாயப் பிரயாணம் பின்னர் இருபது மணி நேரத்துள் நடந்தேறியது. இயந்திரங்கள் வேகமாயின, ஆகவே காலம் சுருங்கியது என்று இதற்கு விடை கூறிவிடலாம். அது பாதி உண்மையே. மற்றப் பாதி பாரத்தைப் பற்றியது. எதை ஏற்றுவது, எதை இறக்குவது, எங்கே இளைப்பாறுவது, யாருடைய மண்ணில் இறங்குவது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் அளிக்கப்பட்ட விடைகளே இந்தப் பாதையின் வரலாறு. அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நமது இலங்கையின் தென்கரையில் நிகழ்ந்தது.

கட்டுச்சோற்றின் பாரம்

கால்நடையாக நெடுந்தூரம் செல்லும் வழிப்போக்கன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். வழியில் உண்பதற்குக் கட்டுச்சோறு வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டுச்சோறும் பெருகவேண்டும். ஆனால் மூட்டை பெருகப் பெருக, அதைச் சுமப்பதற்கே அவனுக்கு மேலும் பசிக்கும். ஆகவே அந்தப் பசிக்கென்றும் சிறிது சோறு கட்டிக்கொள்ள வேண்டும். ஓர் எல்லைக்குமேல் அவன் சோற்றைத் தவிர வேறெதையும் சுமக்க முடியாதவனாகிவிடுவான்.

ஆகாய விமானத்தின் நிலையும் இதுவே. கடைசி மணி நேரத்தில் எரிக்கவேண்டிய எண்ணெயை முதல் மணி நேரத்திலிருந்தே தூக்கிக்கொண்டு பறக்கவேண்டும். அதைத் தூக்குவதற்கென்று இன்னும் எண்ணெய் எரியும். இந்தக் கணக்கிலிருந்து தப்புவதற்கு நம் முன்னோர் தரைவழியில் கண்ட உபாயம் ஒன்று உண்டு. வழிநெடுக மடங்களையும் சுமைதாங்கிக் கற்களையும் அமைத்தார்கள். மூட்டையைச் சிறிதாகக் கட்டிக்கொண்டு, மடத்துக்கு மடம் நின்று போகலாம். வானவழியிலும் முதலிற் செய்யப்பட்டது இதுவே.

இருபத்தெட்டு நாள்

1919ஆம் ஆண்டில், முதல் உலக யுத்தம் ஓய்ந்து ஓராண்டு கழியுமுன், அவுஸ்திரேலிய அரசாங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் முதலிற் பறந்து சேரும் அவுஸ்திரேலியருக்குப் பத்தாயிரம் பவுண் பரிசு. ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இருவரும், பென்னெற், ஷியர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் விக்கர்ஸ் விமி விமானமொன்றில் நவம்பர் 12ஆந் திகதி இலண்டனுக்கு அருகிலுள்ள ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டனர். டிசம்பர் 10ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் இறங்கினர்.

அவர்களுக்குச் சென்ற காலம் இருபத்தெட்டு நாட்களுக்குச் சற்றுக் குறைவு. அதில் அவர்கள் வானிற் பறந்ததோ ஏறத்தாழ 136 மணி நேரமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. எஞ்சிய நான்கு பங்கும் தரையிற் கழிந்தது. எண்ணெய் நிரப்புதல், இயந்திரத்தைச் செப்பனிடுதல், மழை விடும்வரை காத்திருத்தல், உறங்குதல் ஆகியவற்றுக்கே அக்காலம் செலவாயிற்று. யாவாத் தீவிலுள்ள சுராபாயாவில் விமானத்தின் சில்லுகள் ஈரமண்ணிற் புதைந்துவிட்டன. அவ்வூர் மக்கள் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து ஒன்றையடுத்து ஒன்றாக விரித்து ஓடுபாதை அமைத்துக் கொடுத்தபின்னரே விமானம் மீண்டும் எழுந்தது. அன்று அந்தப் பாய்கள் இல்லையேல், எந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை.

வெற்றி பெற்றவர்களின் பெயர்களை உலகம் அறியும். அதே போட்டியிற் புறப்பட்டோருள் நால்வர் வழியில் மாண்டனர். இருவரது விமானம் இலண்டனை விட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே வீழ்ந்தது. மற்ற இருவர் கிரேக்க நாட்டுத் தீவொன்றின் அருகே கடலில் மாண்டனர்.

மடத்துக்கு மடம்

1935ஆம் ஆண்டில் இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குமிடையே ஒழுங்கான பிரயாணிகள் சேவை தொடங்கிற்று. பிரயாண காலம் பன்னிரண்டரை நாள். பகலிற் பறப்பதும் இரவில் நகரங்களில் இறங்கி உறங்குவதுமே வழக்கம். ஆகாயப் பிரயாணம் என்று பெயரேயன்றி, பாரிஸ் நகரிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரையில் பிரயாணிகள் புகைவண்டியிலேயே சென்றனர். சிங்கப்பூரில் ஆங்கிலக் கம்பனி பிரயாணிகளைக் குவாண்டாஸ் என்னும் அவுஸ்திரேலியக் கம்பனியிடம் ஒப்படைத்தது. 1938இல் நீரில் இறங்கும் பெரிய கடல் விமானங்கள் சேவைக்கு வந்தபோது, இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து சிட்னித் துறைமுகத்துக்கு ஏறத்தாழப் பத்து நாட்களில் போய்ச் சேர முடிந்தது.

இவையெல்லாம் மடத்துக்கு மடம் நின்று செல்லும் பிரயாணங்கள். வழிநெடுக மடங்கள் திறந்திருக்கும் வரையில் இந்த ஏற்பாட்டில் குறையொன்றுமில்லை. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. யாவாவும் சுமாத்திராவும் அதனைத் தொடர்ந்தன. ஒரு சில வாரங்களில் பாதையின் நடுப்பகுதி முழுவதும் அடைபட்டது. இலண்டனிலிருந்து சிட்னிக்குச் செல்லவேண்டியவர் அத்திலாந்திக்கையும் அமெரிக்காவையும் பசிபிக்கையும் கடந்து உலகின் மறுபக்கமாகச் சுற்றவேண்டியதாயிற்று. விமானங்களின் வேகம் முன்பிருந்ததே. ஆயினும் இரு நகரங்களும் ஒன்றுக்கொன்று எட்டாதனவாயின.

கொக்கலை வாவி

காலிக்குத் தென்கிழக்கே, கடலுக்கு அணித்தாய்க் கிடக்கும் கொக்கலை வாவியை நம்மிற் பலர் கண்டிருப்போம். யுத்த காலத்திற் பிரித்தானிய விமானப் படை அவ்வாவியைக் கடல் விமானத் தளமாக்கியது. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டு முன்னறிவித்த விமானம் இவ்வாவியிலிருந்தே எழுந்தது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது, பாதுகாவலர் முற்றிலும் அறியாதிருக்கவில்லையெனின், அதற்கு அந்த விமானமே காரணம்.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இதே வாவிக்கு வேறொரு பணி வந்து சேர்ந்தது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை வாவி வரையில் ஒரே வீச்சிற் பறப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. இடையில் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். வழி முழுவதும் கடல். கொக்கலையிலிருந்து கராச்சிக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் பாதை திறந்திருந்தது. ஆகவே இந்த ஒரு கடலைத் தாண்டிவிட்டால் அறுந்துபோன நூல் மீண்டும் முடிச்சிடப்படும்.

அதற்குக் கிடைத்தவை ஐந்து கற்றலினா வகைக் கடல் விமானங்கள். அவை வேகத்திற் குறைந்தவை. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் செல்பவை. அவசியமற்ற பாரமெல்லாம் அகற்றப்பட்டு, மேலதிகத் தாங்கிகள் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் கலன் எரிபொருள் ஏற்றப்பட்டது. அதன் நிறை மட்டுமே ஆறு தொன்னுக்கு மேல். இவ்வளவும் ஏற்றியபின் மிஞ்சிய இடத்திற் பிரயாணிகள் எத்தனை பேர் செல்லலாம்? மூன்று பேர். அவர்களோடு எழுபது கிலோகிராம் அளவிற் கடிதங்கள். கட்டுச்சோற்றின் கணக்கு இதனினும் கடுமையாக எழுதப்பட்டது அரிது.

இரண்டு இயந்திரங்களுள் ஒன்று பழுதுற்றால், புறப்பட்ட பின் பல மணி நேரம்வரை, அவ்வளவு பாரத்தோடு மற்றையதால் மட்டும் விமானம் உயரே நிற்க முடியாது. எண்ணெய் எரிந்து பாரம் குறையும்வரை விமானிகள் இந்த அறிவோடேயே பறந்தனர். யப்பானிய விமானங்கள் உலாவிய கடற்பகுதியை இரவிற் கடக்குமாறு புறப்படும் வேளை வகுக்கப்பட்டது. வழியில் வானொலியிற் பேசுவதற்குத் தடை. வானிலைச் செய்தியைக் கேட்கலாம், பதில் கூறலாகாது. திசையறிய நட்சத்திரங்களே துணை.

அதற்கேற்ப ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர்களே இடப்பட்டன: அல்ரேயர், வீகா, றைஜல், அன்ராரிஸ், ஸ்பைக்கா. இவற்றுள் அல்ரேயர் நமது திருவோணம். அன்ராரிஸ் நமது கேட்டை. ஸ்பைக்கா நமது சித்திரை. நாள் பார்ப்பதற்கு நாம் எண்ணி வந்த அதே மீன்களைக் கொண்டு, இருண்ட கடலின்மேல் இலங்கை எங்கே என்று அவர்கள் தேடினார்கள்.

பிரயாண காலம் காற்றுக்கேற்ப இருபத்தேழு மணி முதல் முப்பத்திரண்டு மணிக்கு மேலும் சென்றது. மிக நீண்ட பிரயாணம் 32 மணி 9 நிமிடம் என்று பதிவாகியுள்ளது. ஒரே பறப்பிற் சூரியன் இருமுறை உதிப்பதைப் பிரயாணிகள் கண்டனர். அதனாலே, இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதாக ஒரு நறுக்கு அவர்களுக்கு விளையாட்டாக வழங்கப்பட்டது. 1945 யூலையில் சேவை முடியும்வரை அவ்விமானங்கள் 271 முறை இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஓர் உயிரும் இழக்கப்படவில்லை.

யுத்தம் முடிந்ததும் அவ்விமானங்களுக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்றவை யுத்தத்தின் பின் வியாபாரத்துக்கு உதவலாகாது என்பது நிபந்தனை. நான்கு விமானங்கள் பேர்த் நகருக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. எந்தக் கடலை அத்தனை முறை தாண்டினவோ அந்தக் கடலே அவற்றுக்குப் புதைகுழியாயிற்று.

சுமைதாங்கியின் சுமை

வானவழி நூல்கள் இவ்வரலாற்றை வீரக்கதையாகவே கூறும். அது வீரக்கதைதான். ஆயினும் இலங்கையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நாம் இன்னொன்றையும் கேட்கவேண்டும். கொக்கலையில் விமானத் தளம் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது?

ஒரு கிராமம் இருந்தது. சிங்கள இலக்கியத்தின் பேராசானாகிய மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த கிராமம் அது. தம் ஊரின் வாழ்க்கையை அவர் நூலாக எழுதினார். தளம் அமைக்கப்பட்ட வேளை, மிகக் குறுகிய அவகாசத்தில் அவ்வூர் மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும் படை உத்தியோகத்தர்கள் தங்குவதற்கு உதவியதால் தப்பியது. அவ்வீடும் அதனைச் சூழ்ந்த கிராமியக் கலை நூதனசாலையும் இன்று காண்போருக்குத் திறந்துள்ளன. ஏனைய வீடுகளைக் காண்பதற்கு அவருடைய எழுத்தைத்தான் நாடவேண்டும்.

நம் ஊர்களில் சுமைதாங்கிக் கற்கள் நாட்டப்பட்ட காரணத்தை மூத்தோர் அறிவர். கருவுற்றிருந்து மாண்ட பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்க முடியாத சுமையைப் பிறராவது இறக்கி வைக்கட்டுமென்று நாட்டப்பட்டவை அவை. வழிப்போக்கன் சற்று நேரம் நின்று போவான். கல்லோ நின்ற இடத்திலேயே நிற்கும். சுராபாயாவின் பாய்களும் கொக்கலையின் நிலமும் இத்தகைய சுமைதாங்கிகளே. தூரத்தைச் சுருக்கியவர்களின் பட்டியலில் அவற்றையும் சேர்த்தெண்ணுதல் முறை.

நாள் மணியாயிற்று

1944ஆம் ஆண்டின் நடுவே லிபரேற்றர் என்னும் நான்கு இயந்திர விமானங்கள் வந்தன. அவை தரையிலிறங்குவன, அவற்றுக்கு இரத்மலானை விமான நிலையம் உதவியது. கங்காருச் சேவை என்ற பெயர் அந்த யுத்தகாலச் சேவைக்கே முதலில் வழங்கிற்று. 1947 டிசம்பர் 1ஆந் திகதி கொன்ஸ்ரலேஷன் விமானமொன்று 29 பிரயாணிகளுடன் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு மடங்களில் நின்று நான்கு நாட்களில் அது இலண்டனை அடைந்தது. 1959இல் ஜெற் விமானங்கள் இப்பாதைக்கு வந்தன. அதன்பின் பிரயாண காலத்தை நாளாகக் கணக்கிடும் வழக்கம் ஒழிந்து, மணியாகக் கணக்கிடும் வழக்கம் வந்தது. கல்கத்தா, கராச்சி, திரிப்போலி என மடங்கள் ஒவ்வொன்றாகப் பிரயாணச் சீட்டிலிருந்து மறைந்தன.

எல்லா மடங்களையும் விட்டுவிட்டு ஒரே வீச்சிற் போகமுடியுமா? முடியும் என்பது 1989 ஆகஸ்டில் நிரூபிக்கப்பட்டது. போயிங் 747-400 விமானமொன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் எங்கும் இறங்காமற் பறந்தது. ஆனால் அதற்கென அடர்த்தி கூடிய எரிபொருள் விசேஷமாகத் தயாரிக்கப்பட்டது. நானூறு பேர் அமரத்தக்க அந்த விமானத்திற் கட்டணம் செலுத்திய பிரயாணி ஒருவர்தானும் இருக்கவில்லை. 2019 நவம்பரில் இன்னொரு விமானம் ஏறத்தாழ ஐம்பது பேருடன் அதே பாதையை 19 மணி 19 நிமிடத்திற் கடந்தது. அதிற் சென்றவர்களும் இருமுறை சூரியோதயம் கண்டனர்.

1943இல் மூன்று பேர். 1989இல் பிரயாணி எவருமில்லை. 2019இல் ஐம்பது பேர். இயந்திரம் எவ்வளவு முன்னேறியும் கட்டுச்சோற்றின் கணக்கு மாறவில்லை. இப்பறப்பை ஒழுங்கான சேவையாக்கும் பொருட்டு 2022இல் குவாண்டாஸ் கம்பனி பன்னிரண்டு எயர்பஸ் விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தது. அவற்றிலும் மேலதிக எண்ணெய்த் தாங்கி. அவற்றிலும் வழக்கத்திற் குறைந்த ஆசனங்கள், 238 மட்டுமே. கொக்கலைக்கு வந்த கற்றலினாக்களை நினைவுகூர்ந்து, அத்திட்டத்துக்குச் சூரியோதயம் என்றே பெயரிடப்பட்டுள்ளது.

அடைபடும் வானம்

பேர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு நேரடிச் சேவை 2018 மார்ச்சில் ஆரம்பமாயிற்று. தூரம் 14,498 கிலோமீற்றர். காலம் பதினேழு மணிக்குச் சற்று அதிகம். இனி நடுவழி மடங்களுக்கு வேலையில்லை என்றே பலரும் எண்ணினர்.

2024 ஏப்ரலில் மத்திய கிழக்கிற் பதற்றம் மூண்டபோது, ஈரானின் வானத்தை விலக்கிச் செல்ல நேர்ந்தது. சுற்றிச் செல்வதற்கு மேலதிக நேரம் வேண்டும். மேலதிக நேரத்துக்கு மேலதிக எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயை ஏற்ற வேண்டுமாயிற் பிரயாணிகளிற் சிலரை விட்டுச்செல்ல வேண்டும். கம்பனி வேறு வழியைத் தேர்ந்தது. இலண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டது. 1942இல் எந்த நகரம் அடைபட்டதாற் பாதை அறுந்ததோ, அந்த நகரமே இம்முறை பாதையைக் காத்தது. திரும்பி வரும் விமானத்துக்கோ இறங்கும் அவசியம் இருக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வானக் காற்று அதனைப் பின்னிருந்து தள்ளியதே காரணம்.

ஆகவே, இலண்டனுக்கும் சிட்னிக்குமிடையே எத்தனை மணி நேரம் என்று ஒருவர் கேட்டால், ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிட இயலாது. காற்று எத்திசையில் வீசுகிறது, எந்த நாட்டின் வானம் திறந்திருக்கிறது, எத்தனை பேரை விட்டுச்செல்லச் சம்மதம் என்ற மூன்றையும் முதலிற் கேட்கவேண்டும். இயந்திரம் நமக்குத் தந்த வேகம் பெரிது. அந்த வேகத்தைப் பயன்படுத்த விடுவதும் விடாததும் இன்னமும் தரையில் வாழும் மனிதர் கையிலேயே இருக்கின்றது.

தென்மாகாணக் கரைவழியே புகைவண்டியிற் செல்வோர் காலியைக் கடந்து சிறிது தூரத்திற் கொக்கலை வாவியை அணுகுவர். நீர்ப்பரப்பு அமைதியாகவே இருக்கும். இரண்டாண்டுக் காலம் இரு பெரும் நகரங்களைப் பிணைத்த நூல் அந்த நீரின்மேல் முடிச்சிடப்பட்டிருந்தது என்பதற்கு அங்கே பெரிய அடையாளமெதுவும் தேவையில்லை. விமானத்தில் வந்திறங்கிய மூவரையும், அவர்களுக்காகத் தம் முற்றத்தை விட்டுப்போன ஊராரையும் ஒருசேர நினைத்துக்கொண்டால் போதும்.